சோதனைச் சாவடியில் ஒரு சாதனை

இன்று காலை எங்கள் சின்னக் கல்லூரிக்கு, இரும்புப் பந்து எறியும் ஷொட்புட்டில் முதற் பதக்கம் வென்று கொடுத்தேன்.

பின்னேரம் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் என் பையைத் துழாவிய ஆமிக்காரனின் கையில் அந்த இரும்புப் பந்து தட்டுப்பட்டது.

“மேக மொகத்த?” இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

விளக்கம் சொல்லப்போன, என்னோடு வந்த கோச் சேரின் வாயிலேயே துவக்குப் பிடியால் இடித்தான். பல் உடைந்து தெறித்தது.

பிறகு என் முதுகில் துவக்கை அழுத்தி, ஆளில்லாத ஒழுங்கைத் தெருவுக்குள் பந்தை எறிந்து காட்டச் சொன்னான்.

அவன் மண்டையை நினைத்துக்கொண்டு எறிந்தேன். விழுந்த இடத்தில் தார் பெயர்ந்தது.

கோச் எழும்பி, அடிவைத்து அளந்துகொண்டு போனார்.

“சேர், ரத்தம் ஓடுது!”

“பேசாம நில்லும் பிள்ளை. காலமை எறிஞ்சதை விடக் கூடத் தூரம்!”

சாதனையாகப் பதிய நடுவரின் கையெழுத்து வேண்டுமாம். அங்கே நின்ற நடுவர் அந்த ஆமிக்காரன்தான். போய்க் கேட்க யார் வருகிறீர்கள்?