மீன் வளர்க்கச் சொன்ன நாய்க்கடைக்காரர்

மேற்குத் தாம்பரத்தில் நாய்க்குட்டி விற்கும் தேவராஜ் அண்ணன் செத்துப்போனார். நேற்று காலை ஆறு மணிக்கு... தூக்கத்திலேயே.

எனக்குத் தெரியாது. ஏழரை மணிக்கு அவரைக் கண்டபடி திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன். அவர் மகள் அதை முழுசாகக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, அப்பா தவறிட்டாரு" என்று பதில் போட்டாள்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் திட்டியதில் ஒரு வார்த்தையைக்கூட வாபஸ் வாங்கமாட்டேன்.

நல்லவர், வல்லவர், தங்கமான மனிதர் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. நான் எட்டாவது பெயில். நடந்ததை எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு என் வீட்டுக்காரருக்கு ஆட்டோ கவிழ்ந்து கால் போயிற்று. அதோடு வண்டியும் போயிற்று. பெருங்களத்தூரில் நான் இட்லிக் கடைக்குக் கிளம்பினால் மதியம்தான் திரும்புவேன். அதுவரை மாடி வீட்டில் அவர் தனி. பேச்சு குறைந்துகொண்டே வந்து கடைசியில் "ம்" மட்டும் மிச்சம் இருந்தது.

துணைக்கு ஒரு நாய் வாங்கலாமா என்றேன். "டாஷண்ட்" என்றார். நீள உடம்பு, குட்டைக் கால், அந்த நாய்.

எனக்கு அது பிடிக்காது. எனக்கு பக் வேண்டும். மூஞ்சியைச் சுருக்கி, வாடகைக்கு வந்தவளை ஹவுஸ் ஓனர் அம்மா பார்ப்பது மாதிரியே பார்க்குமே, அது.

"உன் டாஷண்ட் படுத்தா, கதவு சந்துல சொருகுற துணி மாதிரி கீது" என்றேன்.

"உன் பக்கு செவுத்துல மோதிகினு வந்தா மாதிரி கீது. அதுக்கு மூக்கு எங்கன்னு நீயே தேடிக் குடு" என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி மாசக்கணக்காகிறது. அதனால் அந்தச் சண்டையை நான் மூன்று வாரம் விடவில்லை.

கடைசியில் தேவராஜிடம் போனோம். அந்த ஆள் வீட்டைப் பார்க்காமல் நாய் தரமாட்டார். பெண் பார்க்க வருவது மாதிரி, வெள்ளைச் சட்டை போட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு வந்தார். நானும் பைத்தியக்காரி மாதிரி கேசரி கிண்டி வைத்திருந்தேன்.

ரெண்டு பிளேட் சாப்பிட்டார். ஸ்டூல் மேல் ஏறி, கூரையில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கையை வைத்தார். சுட்டதும் எடுத்தார். வெளியே போய் இரும்புப் படியை எண்ணினார். பதினெட்டு.

"பக்கு இந்த ஷீட்டுக்குக் கீழ வெந்துடும், அதுக்கு மூச்சு பத்தாது. டாஷண்ட் இந்தப் படி ஏறி எறங்கினா முதுகு பூடும். ரெண்டும் கெடையாது. மீன் வளத்துக்கோ."

கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா கேட்டுக்கொண்டே நிற்கிறார்.

"யோவ், மனுஷங்க நாங்க ரெண்டு பேரு இங்கதான வேகறோம். அது உன் கண்ணுக்குத் தெரியலயா?" என்று கத்தினேன்.

"நீங்க நான் வித்த சரக்கு இல்லியேம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

தினமும் காலையில் என் கடைக்குத்தான் சாப்பிட வருவார். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் தீய்ந்த வடை. அதையும் சாப்பிட்டுவிட்டு, "மீனு எப்படி கீது?" என்பார். மாவுக் கரண்டியை எத்தனை நாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்...

வீட்டில் மறுபடியும் "ம்" தான்.

ஒருநாள் மதியம் வந்து பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். அந்த மனிதர் பதினெட்டுப் படியையும் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, தேவராஜ் கடை வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார். காலை பத்து மணியிலிருந்து. ஹவுஸ் ஓனர் அம்மா சொல்லி நான் ஓடிப் போனபோது தேவராஜிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எதுனா ஒண்ணு குடு தேவராஜு. வூடு கம்முனு கீதுப்பா."

தேவராஜ் என்னைப் பார்த்து, "படிய மாத்த முடியாது. ஷீட்ட மூடலாம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் எங்கிருந்தோ தென்னங்கீற்றை ஏற்றி வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கூரை மேல் ஏறிப் பரப்பினார். அப்புறம் பக் வந்தது. குட்டி இல்லை. கேளம்பாக்கம் பிளாட்டில் யாரோ வளர்த்து, அலுத்துத் திருப்பிக் கொடுத்த நாலு வயசு நாய். நாக்கு ஒரு பக்கம் தொங்கும்.

"பழசத் தலையில கட்டறியா?" என்றேன்.

"உன் வூட்டுக்குப் புச்சு தாங்காது."

அதோடு விட்டாரா... "அவ வூட்டுக்குக் கூரை போட்டதே நான்தான்" என்று தாம்பரம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெயில் காலம் வந்தால் தினமும் மதியம் போன். "நாய்க்கு மூச்சு எப்படி கீது? ஈரத் துணி போட்டியா?" நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஒரு நாள் கேட்டதில்லை.

முந்தாநாள் மதியமும் அதே போன். நேற்று நான் அனுப்பிய மெசேஜ் அதற்குத்தான். "எனக்குந்தான் வேர்க்குது, நாய்க்கடைக்காரா. அத்த எப்பக் கேப்ப?" மற்றதை இங்கே எழுத முடியாது.

சாவு வீட்டுக்கு மூன்று பேரும் போனோம். நாயைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னது என் வீட்டுக்காரர். இப்போதெல்லாம் அவர் வாய் மூடுவதில்லை, நாயிடம்தான் பேசுவார்.

மாலையைப் போட்டேன். போய்வா அண்ணா, போகிற இடத்திலாவது அடுத்தவர் கூரையில் கையை வைக்காதே என்று மனசுக்குள் சொன்னேன்.

பக் தூங்கினால் ஆள் மாதிரியே குறட்டை விடும். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தில் அது தேவராஜைக் கிடத்தியிருந்த பிரீசர் பாக்ஸின் அடியில் ஜில்லென்று இருந்த இடத்தில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டது.

தேவராஜின் அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, "டேய், மூச்சு வுடறான்டா" என்றார். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. கூட வந்த நர்ஸ் குனிந்து பார்த்து, பக்கை வெளியே இழுத்து என்னிடம் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வீணாக வந்ததற்கு ஒரு பேப்பரில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.