பூவெழுத்தில் பெயர், தடித்த எழுத்தில் தேதி

திங்கட்கிழமை காலை. முதல்நாள் இரவு கொழும்பில் ஏறிய ரயில் அப்புத்தளையில் நின்றபோது, குளிரில் என் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. மடியில் ஈய அச்செழுத்துப் பெட்டி. என் கம்பெனி விற்கும் புதிய பூவெழுத்துகள்; ஒவ்வோர் எழுத்தின் முனையிலும் ஒரு கொடி சுருண்டிருக்கும். பதுளையில் அச்சகம் வைத்திருக்கும் காசிம் முதலாளிக்குக் கொண்டுபோகிறேன்.

அந்தோணியம்மாள் அங்கேதான் ஏறினார். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இளைய மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க அவரும் பதுளைக்குத்தான்.

"மூத்தவ கல்யாணத்துக்குக் கையால எழுத வச்சுக் குடுத்தேங்க. என் தம்பி வேலை பாக்குற தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அதை நம்பல, அவனுக்கு லீவு குடுக்கல. தாய்மாமன் இல்லாமலே முடிஞ்சிருச்சு. இந்தத் தடவையாவது அவன் வரணும்."

தோட்டங்களில், ஆபீஸ் கிளாக்கருக்குக் கல்யாணப் பத்திரிகைதான் லீவுக்கும் அத்தாட்சி என்பது எனக்குப் புதிய செய்தி.

அந்த நாளில் ரயில் பாதை பண்டாரவளையோடு முடிந்துவிடும். பதுளைக்கு இன்னும் பதினெட்டு மைல். மாட்டுவண்டிக்கு இரண்டு ரூபாய் பேசி ஏறினோம். வழியில் அந்த அம்மாள் பகிர்ந்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இல்லையென்றால் என் பாடு திண்டாட்டம்தான். இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

செவ்வாய். அச்சகத்தில், புது எழுத்தின் அழகைக் காட்டவென்று நானே பத்திரிகை முழுவதையும் பூவெழுத்தில் கோத்து முதல் தாளை எடுத்தேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. காசிம் முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தேதியைப் பார்த்தார்.

"இது மூணா, எட்டா? தேதி தெரியலன்னா கிளாக்கர் எப்படி லீவு எழுதுவாரு?"

தேதியை மட்டும் தடித்த எழுத்துக்கு மாற்றினோம். தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்குமே, அதுபோல் அலங்காரம் ஏதுமின்றி ஒரே பருமனில் நிற்கும் எழுத்து. அந்தோணியம்மாளின் முகம் வாடிவிட்டது. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"கறுப்பா, தடியா, சாவு நோட்டீசு மாதிரி இருக்குதுங்களே" என்றார்.

உண்மைதான். சாவுக்கும் ஏலத்துக்கும் நாங்கள் எடுப்பது அந்த எழுத்தைத்தான். காசிம் முதலாளி சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவைத் திறந்தார். பெருநாள் வாழ்த்துக்கென்று பத்திரப்படுத்தியிருந்த சிவப்பு மை. பெயர்கள் பூவெழுத்திலும் தேதி தடித்த எழுத்திலுமாக எல்லாவற்றையும் சிவப்பில் அடித்தோம். அந்த முரட்டு எழுத்துக்கும் கல்யாணக் களை வந்துவிட்டது.

"இப்பச் சரிங்க" என்று அந்த அம்மாள் தாளை முந்தானையால் விசிறி உலர்த்தினார்.

புதன். திரும்பும் வழியில், ஹாலிஎலையைத் தாண்டியதும் அவருடைய தம்பியின் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினோம். பெரிய கிளாக்கர் பெயர்களைப் பார்க்கவேயில்லை. விரல் நேராகத் தேதிக்குப் போனது, லீவு எழுதிவிட்டார். பிறகு தாள் தம்பியின் கைக்கு வந்தது. அவருக்கும் வாசிப்பு இல்லை. கொடிகளைத் தடவிப் பார்த்தார்.

"பூவா இருக்கே, இதுதான் புள்ள பேரா அக்கா?"

"ஆமாண்டா."



அப்புத்தளையில் இறங்கும்போது அந்தோணியம்மாள் ஒரு பத்திரிகையை என்னிடம் நீட்டினார். "நீங்களும் வரணும் தம்பி. ஒங்க தொரைகிட்ட இதைக் காட்டுங்க, லீவு குடுப்பாரு."

கொழும்பில் சுவரெல்லாம் எழுத்துதான். அத்தனையிலும் என்னை வா என்று அழைத்தது ஒன்றுமில்லை. மறுநாள் காலை அந்தச் சிவப்புத் தாளை எங்கள் துரையின் மேசையில் வைத்தேன். தமிழ் அறியாதவர். அவர் விரல் கொடிகளை எல்லாம் கடந்து தடித்த இலக்கத்தில் போய் நின்றது. எந்த மாதம் என்று மட்டும் கேட்டுவிட்டு, லீவுப் புத்தகத்தைத் திறந்தார்.