ஒட்டில் கசிந்த உப்பு

மார்ச் 6 – 150
மார்ச் 10 – 150
மார்ச் 13 – 150
மார்ச் 19 – 300

என் தங்கையின் சம்பளத்தில் பிடித்த தொகைகள் இவை. பள்ளிப் பிள்ளைகளைக் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் அவள் அழைத்துப் போகாத நாட்கள். ஒரே மீன் காட்சியகத்தில் அவள் வழிகாட்டி, நான் கணக்கர். பிள்ளைகளுக்கு அவள் மீன் டீச்சர்.

அவள் பாடம் தொட்டுப் பார்க்கும் தொட்டியில் தொடங்கும். நட்சத்திர மீனை உள்ளங்கையில் ஏந்தி, "மெதுவா. உங்களப் பாத்து இதுவும் பயப்படுது" என்பாள். பிறகு வெளுத்த பவளத் துண்டு ஒன்றைக் காட்டுவாள். "கடல் சூடானா பவளம் கத்தாது. இப்படி வெளுத்துப் போகும். நாமதான் கவனிக்கணும்." கடைசியாகச் சுரங்கம். தலைக்கு மேலே சுறா, திருக்கை, அவ்வளவு தண்ணீர்.

மார்ச் 3 அன்று, சுரங்கத்தின் நடுவே இரண்டு கண்ணாடிகள் சேரும் ஒட்டில் வெள்ளையாக ஒரு கோடு பார்த்தாள். பக்கத்தில் ஒரு சொட்டு. தொட்டு நக்கினாள். உப்பு.

"கண்ணாடி வேர்க்குதும்மா," என்றார் மேலாளர். "நாள் முழுக்க உப்புத் தண்ணியில கை வைக்கிற. உனக்கு டீ கூட உப்பாத்தான் இருக்கும்."

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணா, நீ நக்கிப் பாரு."

"எனக்கு பிரஷர். உப்பு ஆகாது."

"விளையாடாத அண்ணா."

நக்கினேன். உப்பேதான். இருவரும் மேலே பார்த்தோம். சத்தம் போட்டால் உடைந்துவிடும் என்பதுபோல அடி மேல் அடி வைத்து வெளியே வந்தோம்.

மேலாளர் கண்ணாடிக் கம்பெனிக்கு எழுதினார். படம் கேட்டுப் பதில் வந்தது, அனுப்பினோம். அடுத்த பதில் வரும்வரை சுரங்கம் திறந்தே இருக்கும் என்றார். தங்கை பிள்ளைகளை வாசலிலேயே உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். பள்ளிகள் புகார் செய்தன. பிடித்தத்தை எழுதியது என் கைதான்.

மார்ச் 21 அன்று வேறொரு வழிகாட்டி பிள்ளைகளைக் கூட்டிப்போனார். தங்கை வெளி வாசலில் என் பக்கத்தில் நின்று, திரும்பி வந்த தலைகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. அவள் நகம் என் கையில் பதிந்தது. அப்போது ஒரு சிறுமி சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"மீன் டீச்சர், சுறா என் தலையில துப்பிடுச்சு!"

தங்கை அந்த ஈர முடியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். சுரங்கத்தின் கதவை இழுத்துச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கதவத் திற. வேலை போயிடும்," என்றார் மேலாளர்.

"போகட்டும் சார். பாப்பா தலையத் தொட்டு நீங்களே நக்கிப் பாருங்க."

அவர் தொடவில்லை. அன்றே அவள் வேலை போனது. மறுநாள் கதவு திறந்தது. ஒவ்வொரு பள்ளி வண்டி வரும் நேரத்துக்கும் வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்வாள்.

"அண்ணா, எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சும்மா."

"எண்ணினியா?"

கம்பெனியின் கடைசிக் கடிதத்தில் இரண்டே வரி. ஒட்டு உள்ளுக்குள் பிரிந்துவிட்டது, உடனே நீரை இறக்குங்கள். அதுவரை ஒருவரையும் உள்ளே விடாதீர்கள். எழுதிய தேதி மார்ச் 15. எங்கள் கைக்கு வந்தது மார்ச் 24.