ஏகாம்பரம் மாஸ்டரின் மலைச்சோறு

ஏகாம்பரம் மாஸ்டர் போய்விட்டார்.

இன்று விடியற்காலை, திருவேற்காட்டில் அவர் வீட்டிலேயே. மாரடைப்பு. மகள் போன் செய்தபோது நான் பஸ் கழுவிக்கொண்டிருந்தேன்... பைப்பை மூடக்கூடத் தோன்றவில்லை.

என்னோடு டூர் வந்த அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். கடைசி சீட், மடியில் மசாலா டப்பா. காசிக்குப் போனாலும் கன்னியாகுமரிக்குப் போனாலும் வேளாவேளைக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு போட்டவர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என்னைப் போன்ற சின்ன டூர்காரர்கள் ஓட்டலை நம்பிப் போவதில்லை. அடுப்பு, அண்டா, சமையல் மாஸ்டர் எல்லாம் பஸ்ஸோடு வரும். மதியம் எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் ஏறினால்தான் பஸ் கிளம்பும்.

அவரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு, "மாஸ்டருக்கு மலையில சோறு வேகாது" என்று. அது பொய். அந்தப் பொய் இத்தனை வருஷம் ஓடியதற்கு நான்தான் காரணம். அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன் மாஸ்டர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் என் டூர் பெயரை அச்சடித்த பிளாஸ்டிக் கப்பில்தான் காபி கொடுப்போம். ஒரு அருவிக்கரையில் முந்தின வருஷக் கப்புகள் அப்படியே கிடந்தன, என் பெயர்கூட அழியாமல். மாஸ்டர் ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "உன் விளம்பரம் நல்லா நிக்கிது நைனா. ஒரு வருசமா இங்கியே கீது."

அடுத்த டூருக்கு ஸ்டீல் தட்டும் டம்ளரும் வந்துவிட்டன. அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். காசும் கொடுத்து தட்டும் கழுவணுமா என்று ஒரு ரிட்டயர்டு ஆபீசர் சண்டைக்கு வந்தார். மாஸ்டர் சோப்பையும் தேங்காய் நாரையும் நீட்டினார். ஆபீசர் கழுவினார்.

அப்புறம் லாக்டவுன்...

மண்ணூர்பேட்டை காலி மனையில் பஸ் நின்றது. டயர் இறங்கிப்போனது. நான் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மாஸ்டர் திருவேற்காட்டிலிருந்து சைக்கிளில் வந்து டிக்கி சாவி கேட்டார். எதற்கு என்றதற்கு, அடுப்பு சும்மா கிடந்தால் அடைத்துக்கொள்ளும் என்றார்.

பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்த பீகார் பையன்கள் ரூம் ரூமாகச் சிக்கிக்கிடந்தார்கள். யாரோ கொடுத்த சாம்பார் சாதம் அவர்களுக்கு இறங்கவில்லையாம். காசி டூரில் கற்றுக்கொண்ட கனமான ரொட்டியும் உருளைக்கிழங்கும் செய்து போட்டிருக்கிறார் இந்த மனுஷன், நாற்பது நாளைக்கு மேல். எனக்கு இது தெரிந்ததே அப்புறம்தான்.

சரி, மலை விஷயம்.

லாக்டவுன் முடிந்து முதல் டூர். இரண்டு வருஷம் முடங்கிய வெறி எனக்கு. மூன்று நாளில் பன்னிரண்டு இடம் என்று நோட்டீஸ் அடித்துவிட்டேன். ஒரு இடம் விட்டுப்போனாலும் ஜனங்கள் நோட்டீஸை நீட்டிச் சண்டை போடுவார்கள், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மலையின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கும் டூரிஸ்ட்தான் சோறு.

மே மாதம். அந்த மாதத்தில் அப்படி மழை பெய்து அந்த ஊர்க்காரர்களே பார்த்ததில்லையாம். ஒரு ஓடை ஓரம் சமையல். பன்னிரண்டு மணிக்குள் சாப்பாடு முடித்து மேலே வியூ பாயிண்ட் போய்விட வேண்டும் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் சோறு வேகவில்லை என்றார். அரை மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. குளிர், கேஸ் ஏறவில்லை என்றார். மூடியைத் திறந்து பார்க்கவும் விடவில்லை.

நாற்பத்திரண்டு பேர் முன்னால் நான் கத்தினேன். "வயசாயிட்டா ஊட்லயே கெடக்க வேண்டியதுதானே. எதுக்கு வந்து என் உயிர வாங்கற." அவர் தலையைக் குனிந்து சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்குச் சோறு போட்டார். குழைந்து கூழாக இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

சாப்பிடும்போதே ஒரு ஜீப்காரர் மேலே பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார். ரோடு இல்லை. மலைச்சரிவு மொத்தமாக இறங்கி ரோட்டை மூடிவிட்டது. நான் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தால், அது சரிந்தபோது சரியாக அங்கேதான் இருந்திருப்போம்.

கடவுள் காப்பாற்றினார் என்று எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

சாயங்காலம் லாட்ஜில் மாஸ்டர் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். அவரே சொன்னார்.

"அரிசி களைய ஓடைல தண்ணி மொண்டேன். செவப்பா வந்துகினு இருந்துச்சு நைனா. மேல மண்ணு கரையுதுன்னு அர்த்தம். போவாதன்னு சொன்னா நீ கேப்பியா? சோறு வேவலன்னாதான் நிப்ப."

இதை வெளியே சொல்லாதே என்றும் சொன்னார். ஓனரை மீறி சமையல்காரன் முடிவெடுத்தான் என்று தெரிந்தால் பஸ்ஸில் எவன் ஏறுவான் என்றார்.

எனக்கு அது வசதியாக இருந்தது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நோட்டீஸை மாற்றினேன். மூன்று நாளில் நான்கே இடம், காய்கறி அங்கேயே அந்த ஊர்க்காரர்களிடம், மழை என்றால் நின்றுவிடுவோம். பஸ் இன்றைக்கும் நிறைகிறது. இதெல்லாம் என் யோசனை என்று நீங்கள் பாராட்டினீர்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் ஒவ்வொரு டூரிலும் யாராவது ஒருவர் "இன்னா மாஸ்டர், சோறு வெந்துதா" என்று கேட்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். எனக்கு வெட்கமாக இருக்கிறது... நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். அந்த மலைக்கு வந்த நாற்பத்திரண்டு பேரில் முடிந்தவர்கள் வாருங்கள்.

அன்றைக்குச் சோறு பதினொன்றரைக்கே வெந்துவிட்டது.

போய் வாங்க மாஸ்டர்.