வெடுக்கென்று நின்ற கை

பிள்ளைகளே, எண்பதுகளில் நான் கப்பலூரில் ஒரு சோடா கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். அங்கே பாட்டில்களைத் தூக்கி வைக்கும் இயந்திரக் கை வேகமாகச் சுழன்று வெடுக்கென்று நிற்கும்.

"மொதலாளி, கையைத் திருப்புற தகட்டோட முனையை அரத்தால ராவி வளைச்சுட்டா, மெதுவாக் கெளம்பி மெதுவா நிக்கும். அரை நாள் போதும்," என்றேன்.

"அரை நாள் மிஷினை நிறுத்தவா? அதுக்குத் தாலாட்டுப் பாடப் போறியா மாப்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். கைக்கு எதிரே நின்று வேலை பார்த்த ஆரோக்கியமும் சிரித்தான்.

அன்று மாலை கை நின்ற உதறலில் ஒரு பாட்டில் பறந்து ஆரோக்கியத்தின் முகத்தில் உடைந்தது. ஒரு கண் போய்விட்டது.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பாட்டில் நெறைய உடையுதப்பா, முனையை ராவிரு," என்றார்.

ராவினேன். கை பூப்போல நின்றது. முதலாளி மகிழ்ந்துபோய் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். ஆரோக்கியத்தின் இடத்தில் நின்ற புது ஆளும் குடித்தான், நானும் குடித்தேன்.

அந்த டீ எனக்கு இனித்ததே, அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.