ஏசு காலத்து விளக்கு

என் தம்பிக்குச் சாமான் வாங்கத் தெரியாது. பட்டாபிராம் மார்க்கெட்டுக்கு அனுப்பினால் சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு பல்லை இளித்தபடி வருவான். "உன்ன பாத்தாலே கடைக்காரனுக்குக் குஷிடா" என்று அம்மா திட்டுவாள். அப்படிப்பட்டவன் துணிக் கம்பெனியில் தைக்க ஜோர்டானுக்குப் போனான். நெஞ்சு வலி வந்து அங்கேயே போய்ச் சேர்ந்தான். பெட்டியில் வந்தவனை, அப்பாவை வைத்த குழியையே திறந்து அதில் அடக்கம் செய்தோம்.

அவன் சாமான்கள் தனியாகக் கார்கோவில் வந்தன. அதில் ஒரு மண் விளக்கு இருந்தது. சாவதற்கு முந்தின வாரம் போனில் காட்டியிருந்தான், உள்ளங்கை அகலம். "ஏசு காலத்துதும்மா, மண்ணத் தோண்டி எடுத்தது. கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு ஏத்து." அவன் போனபிறகு அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. பிள்ளை தலைமாட்டில் அந்த விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

கஸ்டம்ஸுக்கு நானும் அவளும் போனோம். எங்களுக்காக வந்த ஏஜெண்ட் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "விளக்க பத்தி கேட்டா, கடையில வாங்கின ஷோ சாமான்னு சொல்லிடுங்க. வேற பேச்சே வேணாம்." இருவரும் தலையாட்டினோம். ஆனால் அதிகாரி விளக்கைக் கையில் எடுத்ததும் அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். மாதா கோயிலுக்குள் நுழைகிற மாதிரி முக்காடு வேறு. அவர் ஆச்சரியமாகப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார்.

"ஏசு சாமி காலத்துது சார். பாத்து புடிங்க."

போச்சு. ஏஜெண்ட் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி நல்ல மனுஷன்தான். "பழங்காலப் பொருள்னா அந்த நாட்டு அனுமதி வேணும்மா. அது அவங்க சொத்து. நிஜமா இருந்தா திருப்பி அனுப்பணும். இதப் பத்தி தெரிஞ்சவங்க பாத்து சொல்லட்டும்" என்றார். சட்டை, போர்வை எல்லாம் கொடுத்துவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது ரயிலிலேயே கத்தினேன். "ஒரு பொய் சொல்ல வாய் வராதா உனக்கு?"

"அத எதிர்ல வெச்சுகினு எப்படிடி பொய் சொல்றது?" என்றாள். எப்படியாவது விளக்கு கைக்கு வரவேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொன்னாள்.

மழைக்கு முன்னால் கஸ்டம்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரி சிரித்த முகமாக விளக்கை நீட்டினார். "நல்ல சேதிம்மா. இது டூரிஸ்டுங்களுக்கு விக்கிற புது சாமான். சட்டம் ஒண்ணும் தடுக்காது, எடுத்துட்டுப் போங்க." அம்மா கையை நீட்டவில்லை. நான்தான் வாங்கிப் பையில் போட்டேன். அன்றைக்கு அவள் செருப்பைக் கழற்றவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. கல்லைக் கழுவி சாமந்தி தூவினோம். சுற்றிலும் எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்க, அம்மா அந்த விளக்கை எடுத்து எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எரிந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கின் அடி மண் ஊறி எண்ணெய் கல்லெல்லாம் வழிந்தது. சரியாக வேகாத மண். திரி கருகி அணைந்துபோனது.

தம்பி பெயர்மேல் பரவிய எண்ணெயை அம்மா முந்தானையால் துடைத்தாள். பெட்டி வந்த நாளில்கூட அழாதவள்.

"பாவி, இதுலயும் ஏமாந்துட்டியேடா" என்று கல்லைப் பார்த்துச் சொல்லி அழுதாள்.