கூரையில்லாத காரும் குழாய் ஸ்பீக்கரும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடிக்காரர் புதிதாக வாங்கியிருக்கும் காருக்குப் பெரிய ஸ்பீக்கர் வைக்கிற வேலை. இரண்டே பேர் உட்காரலாம், பொத்தானை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போய்விடும், அந்த மாதிரி கார். "சவுண்டு எப்படி சார் இருக்கு?" என்று கார்க்காரர் பெருமையோடு கேட்டார். நான் மூச்சை உள்ளே இழுத்தபடி நின்றுவிட்டேன். ஈயம் உருகும்போது ஒரு பிசின் புகை எழும் பாருங்கள், அது மூக்கில் ஏறிவிட்டது. கிழவனுக்கு மூச்சுத் திணறுகிறது என்று அவர் பயந்துபோய் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். மூச்செல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் உத்திரமேரூருக்குப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கம். பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு மைக்செட் கடையில் எனக்கு வேலை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய்த் தென்னைமரத்தில் ஏறிக் குழாய் கட்டுவேன். குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை. ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த ஸ்பீக்கர். கரண்டில் அடி வாங்காத விரல் எனக்கு ஒன்றுகூடக் கிடையாது. இருந்தாலும் பெரிய இன்ஜினீயர் என்ற நினைப்புக்குக் குறைச்சல் இல்லை.

அரிசி மில்காரருக்கு பாலு என்று ஒரே மகன். பட்டணத்துக்குப் படிக்கப் போனவர், படிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒரு சிவப்புக் காரை மட்டும் கொண்டு வந்தார். யாரோ வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போனதாம். குட்டையான வண்டி, எருமை குறுக்கே நின்றால் கார் மறைந்துவிடும். அதில் ஒரு ரேடியோவும் கொட்டாங்கச்சி அளவுக்கு ஒரு ஸ்பீக்கரும் இருந்தன. கூரையை மடக்கிவிட்டு ஓட்டினால் பாட்டெல்லாம் காற்றோடு போய்விடும். "மானாம்பதிக்காரன் கேக்கறான்யா, எனக்குக் கேக்கல," என்று பாலு கடைக்கு வந்து நின்றார்.

முதலில் சீட்டுக்குப் பின்னால் மரப்பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தேன். போதவில்லை. பிறகு ஆம்ப்ளிபயர், அதற்கு ஒரு லாரி பேட்டரி, மடித்த கூரையின் மேல் ஒரு குழாய் என்று வண்டியின் முதுகு வளர்ந்துகொண்டே போனது. கிராமபோன் பெட்டியும் ஏறியது. குண்டும் குழியுமான ரோட்டில் ஊசி எகிறும் என்பதால் வண்டியை நிறுத்தித்தான் ரெக்கார்டு போட வேண்டும். உட்கார எனக்கு இடமில்லாமல் அந்த பேட்டரி மேலேயே உட்கார்ந்து போவேன். ஊரில் என் பெயரே பேட்டரி என்றாகிவிட்டது.

மில்காரருக்கு டெண்ட் கொட்டகை ஒன்றும் உண்டு. மகன் காரைப் பார்க்கக் கூட்டம் கூடுவதைக் கவனித்தவர், சினிமா விளம்பரத்துக்கு அதையே அனுப்பிவிட்டார். மைக் பிடிக்க சின்னப்பன் வந்தார்.

மில்லில் மூட்டை தூக்குகிறவர் சின்னப்பன். ஊரின் சின்ன ஏரியான சித்தேரியின் கரைக்குக் கீழே, பள்ளத்தெருவில் வீடு. சாதாரணமாக நாலு வார்த்தை பேசமாட்டார். மைக்கைக் கொடுத்துவிட்டால் ஐயோ, அது வேறு ஆள்! 'அன்பார்ந்த பெருமக்களே' என்று சுத்தத் தமிழில் ஆரம்பித்து, கதாநாயகி அழுகிற இடத்தில் அவரும் அழுது, கடைசி வரியில் ஒரு சிரிப்பும் சிரித்து முடிப்பார். அவர் மனைவி ரோசம்மா, "வூட்ல இந்த வாயி எங்க போவுதோ தெரியல! மைக்க குட்த்தா கலெக்டராட்டம் பேசுது," என்பாள். கேலிதான். ஆனால் அவர் பேச்சைக் கேட்க உயிரையே விடுவாள்.

எங்கள் கார் பள்ளத்தெருவுக்குள் போகாது. தெருமுனையில், மேட்டு ரோட்டிலேயே நிற்கும். சேறு என்று சொல்லிக்கொள்வோம். கோடையிலும் அதே சேறுதான், என்ன வெட்கக்கேடு! ரோசம்மா வீடோ தெருவின் அந்தக் கோடியில். ஒருநாள் சின்னப்பன் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். "தம்பி, எங்க வூடு வரிக்கும் கொரகொரன்னுதான் வர்தாம். இன்னா பேசறன்னே பிரியலன்றா. கொஞ்சம் ஏத்திக் குடேன்." குழாய்க்குள் சத்தம் எழுப்பும் யூனிட்டைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று போட்டேன். மில் முற்றத்தில் உட்கார்ந்து நான் பற்றவைக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஐப்பசி முடிகிற சமயம். விடாத மழை. பெரிய யூனிட் போட்டும் வண்டி வெளியே போகவில்லை. மழை விட்டு லேசாக வெயில் எட்டிப் பார்த்த ஒரு மத்தியானம், ஏரி மதகு பார்த்துக்கொள்ளும் ஆள் மில்லுக்குள் பாலுவிடம் ஓடிவந்தார். "சின்னவரே, சித்தேரி கரை ஊறிக்கினு கீது! கைய வச்சா உள்ள போவுது. இன்னிக்கி ஒடஞ்சிடும். பள்ளத்தெருவ காலி பண்ணச் சொல்லுங்க!"

எங்கள் பக்கத்தில் கெட்ட சேதி தமுக்கில்தான் வரும். வரி பாக்கி, காலரா, வெள்ளம் எல்லாமே தமுக்கு. அந்தச் சத்தம் கேட்டாலே சனங்கள் முகம் மாறிவிடும். தமுக்கு அடிப்பவர் அன்று திருப்புலிவனத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். "வண்டி கீது, குழாய் கீது, ஏறு சின்னப்பா," என்றார் பாலு. சின்னப்பன் முதுகு மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஏறினார். குழாய் என்றால் கல்யாணம், குழாய் என்றால் சினிமா. அதில் யாரும் அதுவரை ஒரு கெட்ட சேதி கேட்டதில்லை. எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்காவது அது உறைத்ததா? இல்லை.

தெருமுனையில் வண்டி நின்றது. "பாட்ட போடு தம்பி, அப்பத்தான் ஜனம் வெளிய வரும்," என்றார் சின்னப்பன். அதுதான் எங்கள் தொழில்முறை: முதலில் பாட்டு, பிறகு பேச்சு. போட்டேன். சனம் வாசலுக்கு வந்தது. பிள்ளைகள் எப்போதும் போல மேட்டுக்கு ஓடிவந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்னப்பன் மகன் அந்தோணி, ஐந்து வயசு, முன்னால் நின்றான்.

"அன்பார்ந்த பெருமக்களே! நமது சித்தேரி எந்த நேரத்திலும் உடையலாம்! உடனே வீடுகளை விட்டு வெளியேறுங்கள்!" மைக் கைக்கு வந்தால் அவர் வாய்க்கு அந்தத் தமிழ்தான் தெரியும்.

"இன்னா படம் சின்னப்பா?" என்று தெருவிலிருந்து ஒருவன் கத்தினான். "சண்ட கீதா?"

ஒரே சிரிப்பு. வெயில் அடிக்கிறது, ஏரி உடைகிறதாம்!

"படம் இல்லடா! மெய்யாலுமே தண்ணி வர்துடா! வெளிய வாங்கடா!" அவர் குரல் உடைந்து அழுதது. கை தட்டினார்கள். போன மாதம் இதே மைக்கில் அழுது காட்டியவர்தானே. சிலர் வாசலை விட்டு உள்ளே திரும்பிப் போனார்கள்.

சின்னப்பன் மைக்கை எறிந்துவிட்டு, "ரோசீ!" என்று தெருவுக்குள் ஓடினார். பாதித் தெரு தாண்டியிருக்கமாட்டார். தண்ணீர் அந்தக் கோடியிலிருந்து வந்தது. மண்சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்தன. பாலு பிள்ளைகளைக் காரிலும் என் மடியிலும் திணித்து இன்னும் உயரமான இடத்துக்கு ஓட்டிப்போனார். பாட்டுக்காக ஓடிவந்த பிள்ளைகள் எல்லோரும் பிழைத்தார்கள். சின்னப்பனை ஒரு கருவேல மரத்திலிருந்து இறக்கினோம். ரோசம்மா மறுநாள் நெல்வயலில் கிடைத்தாள்.

அடக்கம் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் தூக்கி எறிந்தும் பிழைத்தவள் அவள். அழுதுகொண்டே சொன்னாள்: "வாக்கா, உள்ள போலாம்னு கூப்ட்டேன்பா. வரமாட்டன்னுட்டா. 'இன்னிக்கித்தான் எங்க வூட்டுக்காரரு பேசறது நல்லா பிரியுது, இருடி, கேட்டுட்டு வரேன்'னு வாசப்படியில குந்திக்கினா."

"வேற இன்னா சொன்னா?" என்று சின்னப்பன் கேட்டார்.

"வேற ஒண்ணும் சொல்லலப்பா. சிரிச்சிக்கினே கேட்டுக்கினு இருந்தா."

பாலு அந்தக் காரை விற்றுவிட்டார். கொட்டகை இருந்த இடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. பள்ளத்தெருவை மேட்டில் வேறு பெயரில் கட்டினார்கள். பழைய இடத்தில் இப்போது மனை போட்டிருக்கிறார்கள். ஏரிக்குக் கீழே என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறார்களோ என்னவோ. சின்னப்பன் சாகிற வரைக்கும் குரலை உயர்த்தவில்லை. ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவார்.

அந்தோணி செங்கல்பட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டான். அவ்வப்போது போன் செய்வான். போன முறை கேட்டான்: "மாமா, அப்பா மைக்ல பேசுனா ஊரே நிக்கும்னு சொல்றாங்களே, எப்டி இருக்கும் அந்தக் கொரலு? எனக்கு நெனப்பே இல்ல."

பேசிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். 'அன்பார்ந்த' என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை.